புதிய இயங்குதளத்தால் யாருக்கு நன்மை? வாசகர் கேள்வி – பதில்

பழைய வடாற்காடு மாவட்டம் இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்காகப் பிரிந்திருந்தாலும், அந்த நான்கு மாவட்டங்களிலிருந்தும் இம்மாதம் வந்த கணினிக் கடிதங்கள் ஒரே கவலையைச் சுற்றியே அமைந்துள்ளன. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. இனிப் புதியதற்கு மாறுவதால் உண்மையில் நன்மை உண்டா, அல்லது விற்பவர்களுக்கு மட்டுமே நன்மையா என்று வாசகர்கள் கேட்கிறார்கள். இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2015-இல் வாங்கிய நான்காம் தலைமுறை கோர் ஐ3 கணினியில், 4 ஜிபி நினைவகத்தோடு விண்டோஸ் 10 வைத்து டேலியில் கணக்கு எழுதிவருகிறேன். இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதிய கணினிதான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். புதிய இயங்குதளம் அவ்வளவு செலவுக்குத் தகுந்ததுதானா?
– கைத்தறி லுங்கி வணிகர், குடியாத்தம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. விண்டோஸ் 11, விண்டோஸ் 10-ஐவிட மேலானதா என்பது ஒன்று. விண்டோஸ் 10-இலேயே இருந்துவிட்டால் என்ன கெட்டுவிடும் என்பது மற்றொன்று. கடைகளில் முதல் கேள்விக்குத்தான் உரத்த பதில் கிடைக்கும். உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவதற்கான பதில்.

முதல் கேள்வியை விரைவாக முடித்துவிடலாம். விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபரில். அது முற்றிலும் புதிதாக எழுதப்பட்டதன்று. 1993-இல் வந்த விண்டோஸ் என்டியின் வழித்தோன்றல்தான். இன்றும் அதன் உள் பதிப்பெண் 10.0 என்றே தொடங்குகிறது. அண்மைக்காலப் பிராசசர்களில் உள்ள வேகமான கருக்களுக்கும் (கணக்கிடும் பகுதிகள்) சிக்கனமான கருக்களுக்கும் இடையே வேலையைச் சரியாகப் பங்கிடுவதில் அது தேர்ந்தது. திரையில் பல சாளரங்களை அடுக்கிவைப்பது எளிதாகியிருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகள் பல தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வருகின்றன. ஆனால் பாவு, ஊடை நூல் கணக்கும் விற்பனைப் பட்டியலும் எழுதுகிற ஒருவருக்கு, காலையில் கணினியைத் திறந்து மாலையில் மூடும்வரை இவற்றில் பெரும்பாலானவை கண்ணிலேயே படப்போவதில்லை.

இரண்டாவது கேள்விதான் கனமானது. இயங்குதளத்தில் பிழைகள் ஓயாமல் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றுக்கான திருத்தங்களை நிறுவனம் மாதந்தோறும் அனுப்பும். ஆதரவு முடிந்தது என்றால் அந்தத் திருத்தங்கள் வழக்கம்போல் வருவது நின்றுவிட்டது என்று பொருள். கணினி நேற்றுப்போலவே இன்றும் இயங்குவதால், எதுவும் மாறவில்லை என்றே நமக்குத் தோன்றும். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற தீநிரல் உலகின் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் தடுமாறின. நமக்கு அண்டையிலுள்ள ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாக அதை நிறுவாமல் விட்டவர்களும், திருத்தமே வராத பழைய பதிப்புகளை வைத்திருந்தவர்களுமே சிக்கினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வேலூர் மண்டித் தெருவிலிருந்து ஒரு கணக்கர், இதேபோன்று பூட்டப்பட்ட கணினியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று ஆண்டுக் கணக்கில் ஒரு வரியைக்கூட எங்களால் மீட்க முடியவில்லை. காப்பு நகல் என்று அவர் வைத்திருந்ததும் அதே வன்தட்டின் இன்னொரு பிரிவில்தான் இருந்தது. அந்த முகத்தை மறக்க முடியாததால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே புதிய இயங்குதளத்தின் தலையாய நன்மை, அதற்குத் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது என்பதுதான். அந்த நன்மையை விண்டோஸ் 11 மட்டுமன்று, ஆதரவுக் காலம் முடியாத எந்த இயங்குதளமும் தரும்.

உங்கள் கணினி ஏன் மறுக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு, பாதுகாப்பான தொடக்கம் (செக்யூர் பூட்), 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைப் பிராசசரும் வேண்டும் என்பது விண்டோஸ் 11-இன் விதி. டிபிஎம் என்பது சாவிகளைப் பூட்டி வைக்கும் சிறு பெட்டகம் போன்றது; வட்டிலுள்ள தகவலை மறையாக்கம் செய்யும் சாவி அதற்குள் இருப்பதால், வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்திப் படிக்க முடியாது. எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வைத்திருந்தும் தங்கள் கணினி மறுக்கப்பட்டதாக எழுதியிருக்கும் வேறு சில வாசகர்கள் கவனிக்கவும்: டிபிஎம் பிராசசருக்குள்ளேயே இருந்தும் கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருள் எது குறைகிறது என்று காட்டிவிடும். உங்களுடைய நான்காம் தலைமுறைக்கு அந்த வழி இல்லை. விதியைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி அளிப்பதில்லை என்பதால், எதற்காக மாறுகிறோமோ அதுவே கைநழுவிப் போகிறது. உரிமம் உடைத்த விண்டோஸைப் பற்றியும் இதையே சொல்வேன். உடைப்பதற்குப் பயன்படுத்தும் நிரல்களிலேயே தீநிரல் ஒளிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மகன் சொல்வது தவறான யோசனையன்று. ஆனால் அது இந்தக் கணினிக்கு, இந்த வேலைக்குப் பொருந்தாது. டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். லினக்ஸில் ஒய்ன் என்னும் இடைப்பொருள் வழியாக அதை ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. எனினும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளன்று அது மக்கர் செய்தால் கேட்க ஆளில்லை. மின்கையொப்பம் வைத்திருக்கும் டோக்கனுக்கும் அச்சுப்பொறிக்கும் லினக்ஸில் இயக்கி மென்பொருள் உண்டா என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

என் முடிவான கருத்து இது. கணக்கு எழுதும் கணினி ஆதரவுள்ள விண்டோஸில்தான் இருக்க வேண்டும். அதற்குப் புத்தம் புதிய கணினி தேவையில்லை. நிறுவனங்கள் கழித்த, பழுது நீக்கி விற்கப்படும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட கணினி, 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) கொண்டதாக இருந்தால் போதும். புதியதன் விலையைவிட மிகக் குறைவாகவே ஆகும். கணினி மெதுவாக இருப்பதற்கு இயங்குதளத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி சுழலும் வன்தட்டுதான். அது ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும் இடத்தில், எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. பழைய கணினியில் மகன் விருப்பப்படியே லினக்ஸ் மின்டை ஏற்றி வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். எதைச் செய்வதற்கு முன்பும் டேலித் தரவை வெளியே ஒரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: கோயில் தலவரலாறுகளை இருபது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பாதி பாமினியில், பாதி வானவில் எழுத்துருவில் உள்ளது. புதிய இயங்குதளத்துக்கு மாறினால் இவை அழிந்துவிடுமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆரணி

பதில்: அழியாது, ஐயா. ஆனால் அழிந்துவிட்டதுபோல் காட்சியளிக்கும். பாமினி போன்ற எழுத்துருக்களில், தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே வெளியே தெரியும். காண்பவர் கோப்பு கெட்டுவிட்டது என்று அஞ்சிவிடுவார். பழைய கணினியைக் கைவிடுவதற்கு முன்பே, எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-இலும் லினக்ஸிலும் அவற்றை நிறுவ முடியும்.

இந்த மாற்றத்தை நீங்கள் ஒரு வாய்ப்பாகக் கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டே ஒருங்குறியை (யூனிகோட்) தன் தரமாக ஏற்றுக்கொண்டது. ஒருங்குறியில் உள்ள உரை எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் திறக்கும், தேடினால் கிடைக்கும், எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே உள்ளன. மாற்றிய பின் ஒரு பத்தியையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். கிரந்த எழுத்துகளும், ஒகர, ஓகாரக் குறிகளும் இடம் பிறழும் இடங்கள். கல்வெட்டு வாசகங்களை எடுத்தாண்டிருப்பீர்களாயின் அங்கே இரட்டிப்புக் கவனம் தேவை. தட்டச்சைப் பொறுத்தவரை, தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-இல் உள்ளமைந்தே இருக்கிறது. பழைய தட்டச்சுப்பொறி முறையே விரலுக்குப் பழகியது என்றால் லினக்ஸில் அதற்கும் தெரிவு உண்டு. முப்பது நாற்பது ஊர்களின் வரலாறு ஒரே மனிதரின் ஒரே வட்டில் இருக்கிறது என்பது எனக்கு அச்சமூட்டுகிறது. இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: காலணியின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் எங்கள் கூடத்தில் கூலிக் கணக்கு முழுவதும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ நிரலில் உள்ளது. 32 பிட் விண்டோஸ் 10-இல் ஓடுகிறது. புதிய கணினியில் அது திறக்கவே மறுக்கிறது. இதுவா முன்னேற்றம்?
– கணக்கு மேற்பார்வையாளர், ஆம்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. உங்களுடையது போன்ற பழைய 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே உங்கள் வேலையைப் பொறுத்தவரை புதிய இயங்குதளம் ஒரு நன்மையையும் தரவில்லை. இருந்த வசதியைப் பறித்துவிட்டது. ஃபாக்ஸ்ப்ரோ வரிசையின் கடைசிப் பதிப்புக்கான ஆதரவே 2015 சனவரியில் முடிந்துவிட்டது என்பதால் அதை எழுதியவர்களிடமிருந்து உதவி வராது.

குடியாத்தம் நண்பருக்குச் சொன்னதற்கு மாறாக உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கணினி இணையத்தோடும் உள்வலையோடும் இணைக்கப்படாமல் தனித்திருக்குமானால், திருத்தம் வராத இயங்குதளத்திலேயே இன்னும் சில காலம் ஓடலாம். வலையில் இல்லாத கணினிக்குத் தீநிரல் வரும் முக்கிய வாயில் பென் டிரைவ்தான். வெளியார் பென் டிரைவ் எதுவும் அதில் செருகப்படக் கூடாது. இடைக்காலத்தில் டாஸ்பாக்ஸ், விடாஸ் போன்ற மென்பொருள்கள் புதிய விண்டோஸுக்குள் ஒரு பழைய டாஸ் கணினியைப் பாவனை செய்து தரும். இவற்றுள் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. அலுவலக நிரல்களுக்காகவே அமைந்த விடாஸ் உங்களுக்கு ஏற்றது. புள்ளியணி அச்சுப்பொறியில் கூலிச்சீட்டு சரியாக விழுகிறதா என்பதை முதலில் சோதித்துவிடுங்கள். பழைய இணைப்புத் துளை புதிய கணினிகளில் இல்லை.

நிரல் பூட்டப்பட்டாலும் தரவு பூட்டப்படவில்லை என்பது ஆறுதல். ஃபாக்ஸ்ப்ரோ தரவைச் சேமித்து வைக்கும் டிபிஎஃப் கோப்புகளை, இலவச விரிதாள் மென்பொருளான லிப்ரேஆபிஸ் கால்க் நேரடியாகத் திறக்கும். தையல் தொழிலாளர்களின் இத்தனை ஆண்டுக் கூலியும் வருங்கால வைப்புநிதிப் பிடித்தமும் அதற்குள் இருக்கின்றன. பின்னாளில் ஒருவர் தம் பணிக்காலத்தை மெய்ப்பிக்க அந்த ஏடுதான் சான்றாகக்கூடும். எனவே நிரலை மாற்றுவதற்கு முன்னரே ஆண்டுவாரியாக அவற்றைத் திறந்து, வேறு வடிவத்திலும் சேமித்து வையுங்கள்.

கேள்வி: பாஸ், மாயா, பார்ஓஎஸ் என்று இந்திய இயங்குதளங்களைப் பற்றிப் படிக்கிறோம். இவை விண்டோஸைவிடச் சிறந்தவையா? நாமே ஒன்றை அடியிலிருந்து எழுத முடியாதா?
– பொறியியல் மாணவி, காட்பாடி

பதில்: மூன்றும் அடியிலிருந்து எழுதப்பட்டவை அல்ல, அது குறையுமன்று. பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியிட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கணினிகளுக்கென 2023-இல் அறியப்பட்ட மாயா, உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. சென்னை ஐஐடியின் தொழில்வளர் மையத்தில் உருவாகி அதே ஆண்டு அறிமுகமான பார்ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்திலிருந்து கிளைத்த கைப்பேசி இயங்குதளம். மூன்றுக்கும் அடியில் இருப்பது, 1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் கருவே (இயங்குதளத்தின் மைய நிரல்). அது இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அவ்வளவையும் மறுபடி எழுதுவதைவிட, எழுதப்பட்டதைப் படித்துச் சோதித்து நம் தேவைக்குத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை. மூலநிரலைத் திறந்து பார்க்க முடிவதும், திருத்தம் எப்போது வரும் என்பதை நாமே தீர்மானிப்பதும் ஓர் அமைச்சகத்துக்கு உண்மையான நன்மைகள். உங்கள் விடுதி அறைக் கணினிக்கு அதே அளவில் நன்மை என்று சொல்ல மாட்டேன்.

அடியிலிருந்து எழுதியவர்களின் கதையையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ஜான் லூயி கசே தொடங்கிய பீ நிறுவனம், 1990-களில் பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை எழுதியது. ஒரே நேரத்தில் பல காணொளிகளைத் தடங்கலின்றி ஓட்டுவதில் அன்றைய விண்டோஸ் அதனருகில் நிற்க முடியாது. இருந்தும் அதற்கு வேண்டிய மென்பொருள்களும், அச்சுப்பொறி, ஒலியட்டை போன்றவற்றுக்கான இயக்கிகளும் போதிய அளவில் வரவில்லை. பயனர் குறைவு என்பதால் எழுதுவோர் வரவில்லை. எழுதுவோர் இல்லாததால் பயனர் வரவில்லை. 2001-இல் அதன் உடைமைகள் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன.

அந்தச் சுழலை உடைக்கும் வழியை அண்டை மாநிலம் காட்டியிருக்கிறது. கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், உபுண்டுவைத் தன் பாடத்திட்டத்துக்கு ஏற்றவாறு திருத்தி, 2019-இல் பள்ளிகளின் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கு அளித்தது. வட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அதற்கேற்ற பாடநூலும் கொடுத்தார்கள் என்பதுதான் அதில் முக்கியம். நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது. ஆனால் பழுது பார்க்க என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றில் பாஸ் அழிக்கப்பட்டிருந்தது. கேட்டால், அதில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை என்றே பிள்ளைகள் சொன்னார்கள். கருவை எழுத ஆசைப்படும் நீங்கள், முதலில் லினக்ஸ் கருவுக்கு ஓர் இயக்கியை எழுதிப் பாருங்கள். தமிழ் இடைமுகத்தில் மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கும் மென்பொருள் ஒன்றை எடுத்து முடித்துக் கொடுங்கள். அந்த வேலைக்கு இன்று ஆள் தேவை.

கேள்வி: வேலூர் வெயிலில் மடிக்கணினி கொதிக்கிறது. விண்டோஸ் மாற்றினால் சூடு குறையுமா?
– மருந்துக்கடைக்காரர், அணைக்கட்டு

பதில்: குறையாது. விசிறியில் அடைந்த தூசியை நீக்கி, பிராசசர்மேல் உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றச் சொல்லுங்கள். மெத்தைமேல் வைத்து இயக்காதீர்கள்.

கேள்வி: மூத்த மகளுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி பத்து ஆண்டுகளுக்கு மேல் பழையது, 2 ஜிபி நினைவகம். பத்தாவது படிக்கும் மகன் அதைப் பயன்படுத்த ஏதேனும் வழி உண்டா? தூக்கிப் போட மனம் வரவில்லை.
– பீடி சுற்றும் தாய், பேர்ணாம்பட்டு

பதில்: தூக்கிப் போடாதீர்கள், அம்மா. இப்படிப்பட்ட கணினிக்குத்தான் புதிய இயங்குதளம் உண்மையில் உயிர் கொடுக்கிறது. அது விண்டோஸ் அன்று, எடை குறைந்த லினக்ஸ். லுபுண்டுவையோ, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரை கொண்ட லினக்ஸ் மின்டையோ ஒரு பென் டிரைவில் ஏற்றித் தரும்படி தெரிந்த கல்லூரி மாணவர் யாரையேனும் கேளுங்கள். நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், வட்டில் உள்ள மகளின் படங்களுக்கும் கோப்புகளுக்கும் ஆபத்து இல்லை. வைஃபை, ஒலி, தொடுபலகை மூன்றும் வேலை செய்தால், கோப்புகளை நகலெடுத்த பின் நிறுவிக்கொள்ளலாம். செலவு செய்ய முடியுமானால் முதலில் நினைவகத்தை 4 ஜிபியாகக் கூட்டுங்கள்; பழைய டிடிஆர்3 நினைவகம் பயன்படுத்தப்பட்டதாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன்பின் பணம் இருந்தால் சிறிய எஸ்எஸ்டி ஒன்று. கட்டுரை எழுதவும், பாடக் காணொளி ஒவ்வொன்றாகப் பார்க்கவும், பைத்தான் கற்கவும் அது தாங்கும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் அதைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் இயக்குங்கள். உப்பிய பேட்டரியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.